முப்பத்தோரு அடி

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, டோய்வோவுக்குச் சவரம் செய்துவிட வெந்நீர் பிடிக்கலாம் என்று ஆர்லிஸ் குழாயைத் திருகினாள். குழாய் தொண்டையைச் செருமிக்கொண்டது. ஒரு கரண்டித் தண்ணீர் விழுந்தது. அதற்குப் பிறகு காற்றுகூட வரவில்லை.

வெளியே பூஜ்யத்துக்கு முப்பத்திரண்டு டிகிரி கீழே. மூக்குக்குள் மயிர் விறைத்துக்கொள்கிற குளிர். எங்கள் சுரங்கத்துப் பக்கம் ஜனவரியில் குளிரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கார் கிளம்பியதா, பள்ளிக்கூட பஸ் வருமா, அதுதான் பேச்சு. ஆனால் டிரெய்லர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில் குழாய் நின்றுவிட்டால் அன்றைக்குள் வரிசை முழுக்கத் தெரிந்துவிடும்.

ஆர்லிஸ் பதறுகிற ஆள் இல்லை. இரும்புச் சுரங்கத்தின் பம்பு வீட்டில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். குழியில் ஊறுகிற தண்ணீரை ஓயாமல் வெளியே இறைக்கிற வேலை. பம்பு படுத்தால் சுரங்கம் ஏரியாகிவிடும். குழாய் எப்போது எதற்காக நிற்கும் என்பது அவளுக்குத் தன் முழங்கால் வலியைப் போலப் பழக்கம்.

"என்ன, போச்சா?" என்றான் டோய்வோ நாற்காலியிலிருந்து. போன வசந்தத்தில் பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கையும் காலும் அவன் சொன்னபடி கேட்பதில்லை. வாய் மட்டும் பழைய வாய்தான்.

"போச்சு. கீழ போய்ப் பாத்துட்டு வர்றேன்."

"மெதுவா பாரு. ரெண்டு நாள் தாடி விட்டா என்னைப் பாதிரியார்னு நினைச்சு யாராவது கேக் கொண்டு வருவாங்க."

சுரங்க வேலைக்குப் போட்ட பழைய கம்பளி மேலங்கியை மாட்டிக்கொண்டு, டார்ச்சை நெற்றியில் கட்டிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். டிரெய்லர் வீட்டைச் சுற்றி அடிப்பக்கத்தை மூடியிருக்கும் தகரத்தில் ஓர் ஆள் நுழைகிற கதவு உண்டு. அதன்மேல் சாய்த்திருந்த வைக்கோல் கட்டுகளை நகர்த்தி, மல்லாந்து படுத்து உள்ளே ஊர்ந்தாள். நடுவில் தரையிலிருந்து குழாய் எழும்பி வருகிறது. அதைச் சுற்றி, உறையாமல் இருக்கக் கரண்டில் சூடாகும் சூட்டு வயர், அதற்குமேல் பஞ்சுப் பட்டை. அக்டோபரில் அவளே புதிதாகச் சுற்றியது. கையுறையைக் கழற்றிவிட்டுப் பட்டைக்குள் விரலை விட்டாள். குழாய் பூனை வயிறு மாதிரி கதகதப்பாக இருந்தது. அடி மண் வரைக்கும் கதகதப்பு. வீட்டுத் தரைக்கடியில் ஓடுகிற குழாய்களையும் முழம் முழமாகத் தடவிப் பார்த்தாள். எங்கேயும் குளிர் இல்லை.

அப்படியானால் உறைந்தது மண்ணுக்குள்.

வெளியே வந்து வீட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். டிசம்பரில் அங்கே ஒரு நீளப் பட்டை முழுக்கப் பனியைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். வீடு அவரவருடையது, நிலம் வாடகைக்கு; அந்த நிலத்தைப் புதிதாக வாங்கியிருந்த பாலைவனத்து அரிசோனாக் கம்பெனிக்கு, விற்பனைக்கு வந்த புது டிரெய்லர்களை நிறுத்த இடம் வேண்டியிருந்தது. மூன்று வீடுகள் பிளாஸ்டிக் போர்த்தி நின்றன. மூன்றாம் வரிசையின் பதினொரு வீட்டுக்கும் தண்ணீர் அந்தப் பட்டைக்கு அடியில்தான் வருகிறது. பனி போர்வை மாதிரி. மேலே கிடந்தால் மண்ணுக்குக் கணப்பு. அதை உரித்துவிட்டால் குளிர் நேராக இறங்கிவிடும். பழைய முதலாளி அந்தப் பட்டையில் ஒரு மண்வெட்டி படவிடமாட்டார்.

குடியிருப்பின் மேனேஜர் கர்ட் பத்து மணிக்கு வந்தான். ஆர்லிஸோடு பம்பு வீட்டில் வேலை பார்த்த லாய்டின் மகன். சின்ன வயதில் பாதிச் சாப்பாடு இவள் வீட்டில்தான். முப்பத்தைந்து வயதாகியும் அத்தை என்றுதான் கூப்பிடுவான். மேனேஜர் வேலையோடு குடியிருக்க இடமும் கொடுத்திருந்தார்கள். மனைவி மாசமாக இருந்தாள்.

"சூட்டு வயர் எரிஞ்சு போயிருக்கும் அத்தே. இந்தக் குளிருக்கு அதான் நடக்குது."

"உள்ள போய்த் தொட்டுப் பாரு."

"நான் தொட்டு என்ன ஆகப்போகுது."

"தொட்டாத்தான் தெரியும். சூடா இருக்கு. மண்ணுக்குக் கீழ உறைஞ்சிருக்கு. பின்னாடி பனியை வழிச்சது யாரு?"

கர்ட் பூட்ஸால் படியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினான். "ஆபீஸுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். உங்க வீட்டுல தண்ணி வரலைன்னா அது உங்க குழாய்னு சொல்றாங்க."

"மண்ணுக்குக் கீழ கம்பெனிது, மேல என்னுது. பத்தொன்பது வருஷமா அப்படித்தான்."

"மண்ணுக்குக் கீழன்னு எப்படி நிரூபிக்கிறதுன்னு கேக்குறாங்க." மேலங்கியிலிருந்து ஒரு தாளை எடுத்து, கண்ணைப் பார்க்காமல் நீட்டினான். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் தண்ணீர் வராவிட்டால் வீடு குடியிருக்கத் தகுதியற்றது என்று ஒட்டப்படும். ஒட்டினால் காலி செய்ய வேண்டும். கீழே, வரிசையில் எல்லா வீட்டுக்கும் வந்த தாளிலும் இருந்த இன்னொரு வரி: குளிரைக் காரணம் காட்டி யாரும் குழாயைத் திறந்து விட்டு வைக்கக் கூடாது.

ஆர்லிஸ் தாளை இரண்டு தடவை படித்தாள். "இந்தக் கடைசி வரிய எழுதினவன் பனியைப் பாத்திருக்கானா?"

"படத்துல பாத்திருப்பான்," என்று உள்ளேயிருந்து டோய்வோ சொன்னான்.

கர்ட்டுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

தண்ணீர் இல்லாத வீட்டில் ஒவ்வொன்றும் வேலை. பத்து வாளிப் பனியை உருக்கினால் ஒரு வாளித் தண்ணீர் தேறும். அதிலும் பைன் ஊசியும் புகைக்கரியும் மிதக்கும். கக்கூசுக்கு அது போதும். சமையலுக்கு, நான்கு வீடு தள்ளி இருக்கும் புரூனோ இரண்டு பால் கேன்களைச் சறுக்குப் பலகையில் வைத்து இழுத்து வந்தார். எழுபத்தெட்டு வயது, பெண்டாட்டி போய்ச் சேர்ந்தாயிற்று. யார் வீட்டில் என்ன உடைந்தாலும் அவருக்கு அன்றைக்கு நல்ல நாள்.

சாயங்காலம் டோய்வோவின் தங்கை ஹெல்வி வந்தாள். ஒரு கையில் தண்ணீர், ஒரு கையில் மீனும் உருளைக்கிழங்கும் பாலும் போட்டுக் காய்ச்சிய மொயக்கா சூப்புச் சட்டி. அண்ணனுக்குக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்துவிட்டு நேராக அண்ணியிடம் வந்தாள்.

"அண்ணி, உங்ககிட்ட அந்தச் சின்ன டியூபும் பம்பும் இருக்குல்ல? வெந்நிய உள்ள அனுப்பி ஐஸை உருக்குவீங்களே. எங்க வீட்டுக்கே செஞ்சீங்களே ஒரு வருஷம்."

"இருக்கு."

"அப்புறம் ஏன் உக்காந்திருக்கீங்க? ஒரு மத்தியான வேலை."

"ஆமா, ஒரு மத்தியான வேலைதான். நான் உருக்கினேன்னா அது என் குழாய்னு நானே ஒத்துக்கிட்டதா ஆயிடும். அடுத்த வாரம் புரூனோண்ணன் குழாய் நிக்கும். அவருக்கும் இதே தாள் வரும். அவர் எந்த டியூபை எடுத்துக்கிட்டுக் கீழ ஊருவாரு?"

"ஊரு உலகத்தையெல்லாம் நீங்க ஏன் தூக்கிச் சுமக்கணும்? என் அண்ணன் உடம்பு இருக்குற இருப்புல."

"உன் அண்ணன் இங்கதான் இருக்கான்," என்றான் டோய்வோ, கரண்டியைத் துடைத்துக்கொண்டே. "சூப்புல மிளகு பத்தல."

ஹெல்வி அவனை முறைத்தாள். அவன் சூப்பை முடித்துவிட்டுத்தான் மனைவியிடம் சொன்னான். "அவங்க நிரூபணம்தானே கேட்டாங்க. அளந்துடு. உருக்காத. அளந்துட்டு நிறுத்து."

புதன்கிழமை காலை ஆர்லிஸ் கர்ட்டைப் போனில் அழைத்தாள். அவன் ஏதேதோ வேலை சொன்னான். "பத்து நிமிஷம் வா. வரலைன்னா உன் வீட்டுக்கு வந்து உன் பெண்டாட்டி முன்னாடி பேசுவேன்," என்றதும் வந்தான். டார்ச் பிடிக்கிறேன் என்று கூப்பிடாமலே புரூனோவும் வந்து சேர்ந்தார்.

மூவரும் வீட்டுக்கு அடியில் படுத்துக் கிடந்தார்கள். மூச்சு முகத்துக்கு மேலே வெள்ளையாக நின்றது. ஆர்லிஸ் குழாயின் வால்வுக்கு மேலிருந்த மூட்டைக் கழற்றினாள். கால் வாளித் தண்ணீர் வழிந்தது, பிறகு அடங்கியது.

"வால்வைக் கழட்டக் கூடாது, பாத்துக்க," என்றாள் கர்ட்டிடம். "டியூப் வால்வு வழியாத்தான் போகணும். எப்பவாவது ஐஸ் சட்டுனு விட்டுக்கொடுத்தா தண்ணி மூஞ்சியில அடிக்கும். டியூபை உருவிட்டு வால்வைத் திருப்பிட்டா முடிஞ்சுது. அது தெரியாமத்தான் போன வருஷம் ரெண்டாம் வரிசைல வீட்டுக்கடியே குளமா உறைஞ்சுது."

விரல் பருமனில்லாத பிளாஸ்டிக் டியூப். அடிக்கு ஒன்றாகக் கறுப்புப் பட்டை ஒட்டி, அஞ்சு அடிக்கு ஒரு சிவப்பு ஒட்டியிருந்தாள். நுனியை வால்வுக்குள் விட்டுவிட்டு மிச்சத்தைக் கர்ட்டின் மார்மேல் வைத்தாள்.

"நீ தள்ளு."

"நானா?"

"நான் தள்ளினா நான் சொன்ன கதையாயிடும்."

அவன் தள்ள ஆரம்பித்தான். ஆர்லிஸ் எண்ணினாள். எட்டு அடியில் டியூப் முட்டியது. "அது முழங்கை. செங்குத்தா இறங்குன குழாய் அங்க படுக்குது. கொஞ்சம் திருகிக் கொடு." திருகியதும் வழுக்கிக்கொண்டு போனது. பத்து, பன்னிரண்டு.

"பதினஞ்சு," என்றாள். "வீட்டோட விளிம்பு தாண்டியாச்சு. கவனிச்சியா?"

கர்ட் விளிம்பை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தள்ளினான். இருபது. இருபத்தைந்து. புரூனோ டார்ச்சை ஆட்டாமல் பிடித்திருந்தார். முப்பத்தோராவது பட்டையில் டியூப் நின்றது. கர்ட் இழுத்துவிட்டு மறுபடி குத்தினான். டக். கல்லில் குத்துகிற மாதிரி, உள்ளங்கை வரைக்கும் வந்து அதிர்ந்தது. இன்னொரு தடவை குத்தினான். டக்.

"எவ்வளவு?" என்றாள்.

"பாத்தீங்கள்ல."

"உன் வாயால."

"முப்பத்தோரு அடி."

"எட்டு போனா இருபத்திமூணு. வெளிய வந்து நட."

குழாய்க்கு நேராகப் பின்பக்கம் இருபத்திமூன்று அடி அளந்து நடந்தார்கள். கர்ட்டின் பூட்ஸ் நின்ற இடம், வழித்தெடுத்த வெற்று மண்ணின் நடு. முதல் புது டிரெய்லரின் சக்கரம் கையெட்டும் தூரத்தில் இருந்தது.

"நான் சொல்லிப் பாக்குறேன் அத்தே," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மத்தியானம் ஆர்லிஸ் வரிசையில் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். "சமையலறைக் குழாயைத் திறந்து விடுங்க. பென்சில் பருமனுக்கு வேணாம், பென்சில் முனை பருமனுக்குப் போதும். ராத்திரி பகல் ஓடட்டும். ஓடுற தண்ணி சீக்கிரம் உறையாது."

"தாள்ல கூடாதுன்னு போட்டிருக்காங்களே," என்றாள் ஒருத்தி.

"போட்டிருக்காங்க. உறைஞ்சா உன் குழாய்னும் போட்டிருக்காங்க. எது வேணும் உனக்கு?"

புரூனோ தனக்கு வந்த தாளை அப்போதே அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னார். "நல்ல தாள். சட்டுனு பத்திக்கிச்சு."

வியாழக்கிழமை காலை அவள் கேன்களை நிரப்ப புரூனோ வீட்டுக்குப் போயிருந்த கால் மணி நேரத்தில், டோய்வோ தானே ஒரு வாளிப் பனி அள்ளிவரலாம் என்று கதவைத் திறந்தான். இரண்டாம் படியில் கால் வழுக்கியது. அவள் திரும்பி வந்தபோது பனியில் ஒருக்களித்துக் கிடந்தான். தொப்பி இல்லை. புருவத்தில் வெள்ளை பூத்திருந்தது. நல்ல கை, அந்த ஒரே நல்ல கை, மணிக்கட்டில் வீங்கிக்கொண்டிருந்தது.

"ரொம்ப நேரம் இல்ல," என்றான். பல் அடித்துக்கொண்டது. "ஒரு முயல் வந்து பாத்துட்டுப் போச்சு."

எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்று டாக்டர் சொன்னார். கட்டுப் போட்டு அழைத்துவந்து படுக்க வைத்த பிறகு ஹெல்வி சமையலறையில் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். கத்தியிருந்தால் தேவலை.

"இன்னும் அரை மணி நேரம் கிடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சீங்களா? உங்க வீம்புக்கு அவன் பலியாகணுமா? அவனுக்கு இப்ப ரெண்டு கையும் இல்ல அண்ணி. வாய் கொப்புளிக்க நீங்க தண்ணி பிடிச்சுக் கொடுக்கணும். அந்தத் தண்ணி எங்க?"

ஆர்லிஸ் எழுந்தாள். மேலங்கியைப் போட்டுக்கொண்டாள். அடுப்பில் இருந்த இரண்டு பெரிய பானை வெந்நீரையும் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். வீட்டுக்கு அடியில் படுத்து, பம்பின் ஒரு முனையை வாளியில் விட்டு, மறு முனையை அந்த டியூபில் மாட்டினாள். டியூபை வால்வுக்குள் விட்டுத் தள்ளினாள். முப்பத்தோராவது பட்டையில் அது முட்டியது. சுவிட்சைப் போட வேண்டியதுதான் பாக்கி.

தலைக்குமேல் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. டோய்வோ குதிகாலால் தட்டுகிறான். நிறுத்துவதாக இல்லை. அவள் மேலே வந்தாள்.

"என்ன வேணும்?"

"பம்பு மாட்டுற சத்தம் கேட்டுச்சு. கழட்டு."

"நீ சும்மா இரு."

"படில ஐஸ் இருந்துச்சு, விழுந்தேன். உன் வீம்புல வழுக்கி விழல." மூச்சு வாங்கினான். நீளமாகப் பேசுவது அவனுக்கு இன்னும் பாடுதான். "எனக்கு ஒரு காலும் கையும் போனதிலிருந்து எல்லாரும் என்னைக் காட்டித்தான் பேசுறாங்க. டோய்வோவுக்காக டவுனுக்குப் போயிடு, டோய்வோவுக்காக விட்டுக்கொடு. என்னை யாரு கேட்டா? நான் விட்டுக்கொடுக்கல. போய்க் கழட்டு."

ஆர்லிஸ் போர்வையை அவன் தோள்வரைக்கும் இழுத்துவிட்டாள். பிறகு கழற்றப் போனாள். ஹெல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு பானையில் பனி நிரப்பினாள். அன்றிரவு அங்கேயே தங்கினாள். யாரோடும் பேசாமல் ஆறு வாளி உருக்கினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கர்ட் சிவப்புத் தாளோடு வந்தான். அவன் கையிலிருந்த போனில் யாரோ காத்திருந்தார்கள்.

"அரிசோனால இருந்து பேசுறாங்க. உங்ககிட்ட பேசணுமாம்."

போனில் ஒரு மென்மையான ஆண்குரல். திங்கட்கிழமை ஐஸை உருக்கும் நீராவி வண்டியை அனுப்ப அவர்கள் தயார், சலுகையாக. குழாய் தன்னுடைய பொறுப்பு என்று அவள் ஒரு கையெழுத்து மட்டும் போட்டுவிட்டால் போதும்.

"குழாய் என்னுது இல்லையே," என்றாள் ஆர்லிஸ்.

"அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு முடியலைன்னு கேள்விப்பட்டோம். அதனாலதான்."

"அவரு பக்கத்துலதான் இருக்காரு. அவரும் போடமாட்டாரு. ரெண்டு கையிலயும் வசதி இல்ல." போனைக் கர்ட்டிடம் திருப்பிக் கொடுத்தாள்.

கர்ட் அதை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான். வாசலிலேயே நின்றான்.

"ஒட்டு," என்றாள் அவள். "உன் வேலை, ஒட்டிட்டுப் போ. ஆனா காரணம்னு ஒரு இடம் காலியா இருக்கு பாரு. அதை எழுதிட்டு ஒட்டு. என்ன உறைஞ்சுது, எத்தனை அடில, யார் தள்ளிப் பாத்தது."

"எழுதினா என்னை வச்சுக்கமாட்டாங்க."

"தெரியும்."

"மார்ச்சுல குழந்தை பொறக்குது அத்தே."

"அதுவும் தெரியும். எழுதாட்டியும் நான் உன்னைக் கேக்கமாட்டேன். லாய்டு கேப்பானோ என்னமோ."

அப்படிச் சொன்னது தப்பு என்று சொன்ன பிறகு அவளுக்கே தோன்றியது. செத்துப்போனவனை இழுத்திருக்க வேண்டாம். கர்ட் தாளைச் சுவரில் வைத்து எதையோ எழுதினான். குளிருக்குப் பேனா எழுதவில்லை. வாய்க்குள் வைத்து ஊதிவிட்டு மறுபடி எழுதினான். கதவில் ஒட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

*வீட்டுக் குழாய் நல்ல நிலை. மண்ணுக்கடியிலுள்ள குழாய், முப்பத்தோரு அடியில், பனி வழித்த இடத்தில் உறைவு. நானே அளந்தேன்.* கீழே முழுப் பெயர்.

ஆர்லிஸ் படித்தாள். கதவைத் திறந்து ஹெல்வியைக் கூப்பிட்டாள். ஹெல்வியும் படித்தாள்.

"நாலு மணிக்குக் கவுண்டி ஆபீஸ் மூடிடும்," என்றாள் ஹெல்வி, மூன்று நாளில் முதல் தடவையாகச் சாதாரணக் குரலில். "தாளைக் கிழியாம உரிங்க. நான் ஓட்டுறேன்."

புரூனோவை டோய்வோவுக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினார்கள். நாற்பது மைல். குடியிருப்புகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் மாவட்டச் சுகாதாரப் பிரிவில் இருந்த பெண் தாளைப் படித்துவிட்டு, இதை எழுதினவர் அந்த இடத்தின் மேனேஜர்தானா என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு கம்பெனிக்குப் போன் போட்டாள். ஆர்லிஸைப் பற்றி அந்தப் போனில் ஒரு வார்த்தை இல்லை. இடத்தின் லைசென்ஸ் பற்றித்தான் பேசினாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நீராவி வண்டி வந்தது. இரண்டு ஆட்கள், பெரிய கொதிகலன். பதினோரு மணிக்குள் வீட்டுக்கு அடியில் குழாய் உறுமியது, துப்பியது, துருவும் மண்ணுமாகக் கக்கியது, பிறகு தெளிந்தது. வரிசையின் பாதிப் பேர் வெளியே நின்று பார்த்தார்கள். புரூனோ வேலைக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் காதில் வாங்கவில்லை.

மூத்த வேலைக்காரன் அட்டையில் செருகிய சீட்டை ஆர்லிஸிடம் நீட்டினான். "இங்க ஒரு கையெழுத்து. குழாய்ச் சொந்தக்காரர்னு இருக்குல்ல, அங்க. வீட்டுக்காரம்மா போடுவாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

ஆர்லிஸ் இரண்டு கையையும் மேலங்கிப் பையிலிருந்து எடுக்கவில்லை. "சொந்தக்காரர் நான் இல்ல."

"பின்ன யாருகிட்ட வாங்குறது? கையெழுத்து இல்லாம நான் போக முடியாது."

"நில்லுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. எங்களுக்கு இந்தக் குளிர் பழக்கம்."

வேலைக்காரன் அட்டையை நீட்டியபடியே நின்றான். கர்ட் புது டிரெய்லரின் சக்கரத்தருகே தனியாக நின்றிருந்தான். காலையில்தான் அவனுக்குக் கடிதம் வந்திருந்தது; மாதக் கடைசிவரைக்கும்தான் வேலை. அவன் நடந்து வந்தான். சீட்டை வாங்கி, கம்பெனியின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, அதற்குக் கீழே மேனேஜர் என்று போட்டுக் கையெழுத்திட்டான். தேதியும் போட்டான். பிரதியைக் கிழித்து ஆர்லிஸிடம் கொடுத்தான்.

அவள் அதை நான்காக மடித்து உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். டோய்வோ ஜன்னலோரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு நாள் தாடி.

"யாரு போட்டது?"

"கர்ட்."

"வேலை போச்சா?"

"போச்சு. அவன் குடியிருக்குற இடமும் போகும்னு சொல்றாங்க. அதுக்கும் ஒரு தாள் வருமாம்."

"வரட்டும், அதையும் பாத்துக்கலாம். சாப்பிடக் கூப்பிட்டியா அவனை?"

"கூப்பிட்டேன். பூட்ஸைக் கழட்டிக்கிட்டு இருக்கான். பெண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு வர ஹெல்வி போயிருக்கா."